கொக்கின் இறகும் ஒரு பழைய கேனான் 1500டியும்: நான்கு மாதக் குறிப்பு

புரட்டாசி கடைசியில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோக்கார அண்ணனிடம் பழைய கேனான் 1500டி கேமரா வாங்கினேன். கல்யாண வேலைக்கு அவர் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராவுக்கு மாறிவிட்டார். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), கூடவே வரும் 18-55 எம்.எம். கிட் லென்ஸ், இரண்டு பேட்டரி, பை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். 2018-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். அதுவரை எனக்குச் செல்போன்தான். எங்கள் ஊர் வயலுக்கும் கோயிலுக்கும் இது போதுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் இரண்டு சோதனைகளை அங்கேயே செய்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி தெரியும். அப்புறம் எஃப் 22 வைத்து (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சுருங்கும்) வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிவிடும். எனக்கு மூன்று புள்ளிகள் தெரிந்தன. அண்ணன் ப்ளோயரால் ஊதியதில் இரண்டு போயின. மிச்சமிருப்பது எஃப் 11 வரை கண்ணுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

சம்பா நடவுக்குச் சேடை ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. டிராக்டர் போகிற வழியெல்லாம் உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே நடக்கும். முதல் நாள் 140 படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாக் கொக்கும் வெள்ளைத் தாளைக் கத்தரித்துச் சேற்றில் ஒட்டியது போல இருந்தது. ஒரு இறகுகூடத் தெரியவில்லை. மனசே விட்டுப்போயிற்று.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. கேமரா ஃப்ரேம் முழுவதையும் பார்த்து வெளிச்சத்தை அளக்கிறது. முக்கால்வாசி கறுத்த சேறு. 'இருட்டாக இருக்கிறது' என்று அது வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள, ஓரத்தில் நிற்கும் கொக்கு வெளுத்துப் போகிறது. மூன்றாம் நாள், ஏவி என்று எழுதிக் கூட்டல் கழித்தல் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதியை, குறைத்தேன். அன்றைக்கு எடுத்த ஒரு படத்தை இன்னும் திறந்து திறந்து பார்க்கிறேன்: கழுத்து வளைவில் மெல்லிய சாம்பல் நிழல், முதுகு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மஞ்சள் அலகின் அடியில் ஒரு துளிச் சேறு. எடுத்த படத்தைத் தகவலோடு திரையில் பார்த்தால் வெளுத்த இடம் கண் சிமிட்டிக் காட்டும்; இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் குறைத்து எடுத்தால் சேறு கறுப்பாகிவிடுகிறது. கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா (RAW) கோப்பாக எடுத்து, கம்ப்யூட்டரில் அந்த நிழலைத் தூக்கினால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி கிளம்புகிறது. இந்த சென்சாருக்கு அவ்வளவு இடம்தான். காலை எட்டு மணிக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்தாலே போதும் என்பது என் கணக்கு. உச்சி வெயிலில் கொக்கை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அதே வயலில் நடவு நடந்தபோது கேட்டுக்கொண்டு எடுத்தேன். ஒரு அக்கா, "தம்பி, மூஞ்சி தெரியுற மாதிரி எடுப்பா" என்றார். கேமரா கொக்குக்கு வைத்த கணக்கிலேயே இருந்தது. தலையில் கட்டிய துண்டின் நிழலில் அத்தனை பேர் முகமும் இருண்டு போயிருந்தது. மறுபடி கூட்டி வைத்து எடுத்தேன்; பின்னால் வானம் வெள்ளையாகிப் போனது, போகட்டும் என்று விட்டேன். செல்போன் இரண்டையும் தானே சமாளித்து ஒரு மாதிரி காட்டிவிடும். இங்கே எதைக் காப்பாற்றுவது என்று நாம்தான் சொல்லவேண்டும். எனக்கு இந்தக் கேமரா பிடித்துப்போனது அதனால்தான்.

இன்னொன்று. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது படத்தில் 95 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியாத பாதி நாற்றுமுடி படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். ஓரத்தை வெட்டவேண்டியிருக்கும் என்று தெரிந்தே எடுக்கிறேன்.

மார்கழியில் தாராசுரம் கோயில். ஸ்டாண்டு வைக்க முன்அனுமதி வேண்டும், அதனால் கையில் பிடித்துத்தான். மண்டபத்துக்குள் தூண் சிற்பங்களை ஜூம் செய்து எடுத்தால் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 6400 வரை ஏற்றினேன்; அது ஏற ஏறப் படத்தில் புள்ளி கூடும். கல்லின் சொரசொரப்பும் படத்தின் புள்ளியும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. ஒரு நண்பரிடம் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். 5.6-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். கொஞ்சம் மூடி எஃப் 2-இல் வைத்தாலும் ஐஎஸ்ஓ 800 போதுமாயிருந்தது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தச் சிற்பத்தில் உளி போன தடம்கூட வந்திருக்கிறது. சின்ன சென்சார் என்பதால் 50 எம்.எம். இங்கே 80 எம்.எம். மாதிரி குறுகலாகக் காட்டுகிறது. மண்டபத்தில் பின்னால் தள்ளி நிற்க இடம் தேடவேண்டியிருந்தது. மறுவாரமே அந்த லென்ஸை எனக்கென்று வாங்கிவிட்டேன்.

தை மாதம் வடுவூர் ஏரி. தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ் இரவல். நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்து, 1/1600 நொடி ஷட்டர் வேகத்தில், நின்றிருந்த நத்தைக்குத்தி நாரைகள் பிரமாதமாக வந்தன. பறக்கும் ஊசிவால் வாத்துகளில் நூற்றுக்கு ஏழெட்டுதான் தேறின. ஒன்பது ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு மூன்று படம். பறக்கும் பறவைதான் ஆசை என்றால் இந்த பாடி வேண்டாம்.

நிக்கான் டி3500 வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேமரா. நொடிக்கு ஐந்து படம், ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது நிறுவனக் கணக்கு, 1500டிக்கு 500தான். ஆனால் அந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். கேனானில் அதன் இஎஃப் வகைப் பழைய லென்ஸ் எதைப் போட்டாலும் தானே ஃபோகஸ் ஆகும். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் தேடும் என்னைப் போன்றவருக்கு அது பெரிய விஷயம்.

நடவு அக்காக்களுக்கு எட்டுக்கு ஆறில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முகம் கேட்ட அக்கா படத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொக்கு எங்கப்பா?" என்றார். குறுவை நடவுக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததும் இரண்டும் ஒரே படத்தில் வருமா என்று பார்க்கவேண்டும். கருக்கலிலேயே போய்விட்டால் வெயில் ஏறுவதற்குள் வாய்ப்பு இருக்கிறது.