கடற்படையில் பறப்பவர்களும் பறக்க வைப்பவர்களும்

அரக்கோணம் கடற்படை விமானத் தளத்தில் பராமரிப்புப் பிரிவு மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தெரிந்துவிட்டால், கல்யாண வீடானாலும் ரயில் பெட்டியானாலும், பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்கள் அருகில் வந்து அமர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய முதல் கேள்வி, "கடற்படை என்றால் கப்பல்தானே, அங்கே விமானத்துக்கு என்ன வேலை?" என்பது. இரண்டாவது, "எங்கள் பையன் பைலட் ஆக முடியுமா, சார்?" என்பது. மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. விமானியைத் தவிர அங்கே வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. வாய்ப்புகள் அதிகம் உள்ள இடமும் அதுதான்.

முதல் கேள்விக்கான விடை எளிது. பூமி உருண்டை என்பதால் கப்பலின் ரேடார் அடிவானத்துக்கு அப்பால் கடல்பரப்பில் இருப்பதைப் பார்க்காது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்கோ கப்பலின் வேகம் போதாது. ஆகவே கடற்படைக்கென்றே விமானங்கள் தேவைப்பட்டன. கொச்சியில் ஐஎன்எஸ் கருடா என்னும் கடற்படை விமானத் தளம் 1953-ல் தொடங்கப்பட்டது. இன்று கோவாவின் அடையாளமாகிவிட்ட ஐஎன்எஸ் ஹன்சா தளம் 1961-ல் பணியில் அமர்த்தப்பட்டது நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூரில்தான் என்பதைச் சொன்னால் கோவைக்காரர்களே வியப்படைகிறார்கள். அதே ஆண்டில் முதல் விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் வந்து சேர்ந்தது. 1971 போரில் அந்தக் கப்பலிலிருந்து எழும்பிய ஸீ ஹாக், அலிஸே விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அரக்கோணத்தின் ராஜாளி தளம் 1992-லும், ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியின் பருந்து தளம் 2009-லும் பணியில் அமர்த்தப்பட்டன.

அரக்கோணத்துப் பழைய ஆட்களுக்கு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் டியூ-142 விமானத்தின் ஓசை மறந்திருக்காது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வோர் எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். ஓடுபாதையில் அது நகரத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான். அந்த விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்துக்கு வந்த பி-8ஐ விமானங்களில் முதலாவது 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட இந்த விமானத்தின் உள்ளே ஏறிப் பார்க்கும் யாருக்கும் ஓர் உண்மை உடனே விளங்கிவிடும்: முன்னால் விமானத்தை ஓட்டுவது இரண்டு விமானிகள், பின்னால் திரைகளுக்கு முன் வரிசையாக அமர்ந்திருக்கும் குழுவே அந்த விமானம் எதற்காக வந்ததோ அந்த வேலையைச் செய்கிறது.

அந்தக் குழுவை நடத்துபவர் அப்சர்வர் என்னும் அதிகாரி. ரேடாரில் தெரியும் புள்ளி மீன்பிடிப் படகா, சரக்குக் கப்பலா, நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பா என்று முடிவு செய்வதும், சோனோபாய் எனப்படும் ஒலி கேட்கும் மிதவைகளைக் கடலில் எந்த இடத்தில், எந்த ஒழுங்கில் போட வேண்டும் என்று தீர்மானிப்பதும், நீருக்கடியில் பாயும் டார்பிடோ என்னும் ஆயுதத்தை எப்போது விடுவது என்று கணிப்பதும் அவருடைய பொறுப்பு. பதவியில் மூத்தவராக இருந்தால் அந்தப் பறப்பின் தலைமையும் அவரிடமே இருக்கலாம். அப்போது விமானி அவர் சொல்லும் திசையில் விமானத்தைக் கொண்டுசெல்வார். இவ்வளவு இருந்தும் விளம்பரத்தில் "அப்சர்வர்" என்று பார்த்ததும், ஏதோ வேடிக்கை பார்க்கிற வேலை போலும் என்று எண்ணி அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். என் கணிப்பில், கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும், பதற்றமில்லாமல் யோசிக்கக்கூடிய ஒரு பிள்ளைக்குக் கடற்படையில் இதைவிடச் சுவையான வேலை வேறில்லை. பெண்களுக்கு இந்தக் கதவு முன்னதாகவே திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: கடற்படையின் முதல் பெண் விமானி 2019 டிசம்பரில்தான் வந்தார், பெண் அப்சர்வர்களோ 2009-லேயே வந்துவிட்டார்கள்.

இனி, பைலட் கேள்வி. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர்கள், தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்வதற்கான என்டிஏ தேர்வு வழியாகப் போகலாம். பொறியியல் பட்டம் பெற்றவர்களுக்குக் குறுகியகாலப் பணி என்னும் எஸ்எஸ்சி வழி இருக்கிறது. எஸ்எஸ்சி வழிக்குப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் 60 விழுக்காடும், ஆங்கிலத்தில் தனியாக 60 விழுக்காடும் கேட்கிறார்கள் என்பதால், ஆங்கிலப் பாடத்தை அலட்சியப்படுத்திய நல்ல மாணவர்கள் பலர் இங்கேயே கழன்றுவிடுகிறார்கள். அதன்பின் அதிகாரியாகும் தகுதியை மதிப்பிடும் எஸ்எஸ்பி நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படைக் கழகத்தில் அடிப்படைப் பயிற்சி என்று போகும். ஹெலிகாப்டர் விமானியாகத் தேர்வாகிறவர், இந்தியாவில் எந்த மூலையிலிருந்து வந்தாலும், பயிற்சிக்கு அரக்கோணத்துக்கு வந்தாக வேண்டும். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருப்பது ராஜாளியில். நகருக்கு மேலே சேத்தக் ஹெலிகாப்டர் தத்தளிப்பதுபோல் நின்று நின்று போனால், உள்ளே ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வேன். விமானித் தகுதியை அளக்கும் சிபிஎஸ்எஸ் என்னும் கணினித் தேர்வு வாழ்நாளில் ஒருமுறைதான். அதில் தவறினால் விமானிக் கிளைக்கு மறுபடியும் முயல இயலாது. மற்ற கிளைகளுக்குத் தடையில்லை. ஆகவே, "சும்மா ஒரு அனுபவத்துக்கு எழுதிப் பார்க்கட்டுமே" என்று அனுப்பக்கூடிய தேர்வு அல்ல அது. கண்பார்வை விதிகளும் விமானிக்குத்தான் மிகக் கடுமையானவை.

என் அண்ணன் மகன் ஒருமுறை, "சித்தப்பா, நீங்கள் கடைசிவரை பறக்கவே இல்லையா?" என்று கேட்டான். பறக்க வைத்தேன் என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை. பராமரிப்பு மாலுமியின் காலை குனிந்த தலையோடுதான் தொடங்கும். விமானங்கள் நிற்கும் தளத்தில் தோளோடு தோள் சேர வரிசையாக நின்று, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல நடந்து, கீழே கிடக்கும் சிறு கல், கம்பித் துண்டு, கழன்ற திருகு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். இதற்கு ஃபாட் வாக் என்று பெயர். விரல் நகம் அளவுள்ள ஒரு கல் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டால் அதன் தகடுகள் சிதையும் என்பதால், இந்த நடையில் பதவி வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாகத் தெரிந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் அசையாது. கடல்மேல் தாழப் பறந்து திரும்பிய விமானத்தை நன்னீரால் கழுவ வேண்டும், ஏனென்றால் உப்பு ஒருநாள் இரவுகூடக் காத்திருக்காது. எல்லாம் முடிந்ததும் எஃப்-700 என்னும் பதிவேட்டில் நாங்கள் கையெழுத்திடுவோம். அதைப் படித்துப் பார்த்து விமானி கீழே கையெழுத்திட்ட பிறகே ஏணியில் கால் வைப்பார். பட்டம் படித்த அதிகாரி ஒருவர், பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து வந்த மாலுமியின் கையெழுத்தை நம்பிக் கடலுக்கு மேலே போகிறார்.

மாலுமியாகச் சேர இப்போது பெரும்பாலும் அக்னிவீர் வழிதான். ஒடிசாவின் சில்காவில் பயிற்சி, நான்காண்டுப் பணி, அதன்பின் 25 விழுக்காடு வரையிலானவர்களுக்கே நிரந்தரப் பணி. விமானப் பராமரிப்பு போன்று கைப்பழக்கம் வர ஆண்டுகள் பிடிக்கும் வேலைக்கு நான்காண்டு என்பது குறைவு என்பது என் கருத்து. சேர விரும்புகிறவர்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

அங்கே பேசும் வழக்குச் சொற்களைப் பற்றியும் இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். நம் கடற்படையின் விமானப் பேச்சு பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படை விட்டுச் சென்றது. விமானந்தாங்கிக் கப்பலில் பறப்பு முழுவதையும் நிர்வகிக்கும் அதிகாரி "விங்ஸ்". அவருக்கு அடுத்தவர் "லிட்டில் எஃப்". அவர்கள் அமரும் கண்ணாடி அறை "ஃப்ளைகோ". விமானம் வாலில் உள்ள கொக்கியால் தளத்தின் குறுக்கே உள்ள கம்பியைப் பிடித்து நின்றால் "டிராப்", அதாவது பொறி. கொக்கி கம்பிகளைத் தவறவிட்டு மீண்டும் எழும்பினால் "போல்ட்டர்". கம்பியைப் பிடிக்காமல் போகலாம் என்பதற்காகவே, தளத்தைத் தொட்ட நொடியில் விமானி வேகத்தைக் குறைக்காமல் எஞ்சினை முழுவிசைக்குக் கொண்டுபோவார் என்பதைச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. விமானம் இறங்குவதைத் தளத்தின் ஓரத்தில் நின்று வழிநடத்தும் அதிகாரியை அமெரிக்கர்கள் "பேடில்ஸ்" என்பார்கள். ஒருகாலத்தில் அவர் இரு கைகளிலும் மட்டை பிடித்துச் சைகை காட்டியதன் மிச்சம் அது. அவர்களுடைய கப்பல்களில் ஊதாச் சட்டை அணிந்து எரிபொருள் நிரப்புகிறவர்களுக்குத் "திராட்சைகள்" என்றும் ஒரு பெயர் உண்டு. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று சட்டை நிறத்தாலேயே ஆளின் வேலையை அடையாளம் காண்பது அழகுக்காக அல்ல. எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாத இடம் அது.

ஓய்வுக்குப் பின் என்ன என்பதும் அடிக்கடி வரும் கேள்விதான். கடற்படை விமானி நேரே பயணிகள் விமானத்தில் போய் அமர்ந்துவிட முடியாது. பறந்த மணிநேரங்கள் கணக்கில் வரும் என்றாலும், பயணிகள் விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை எழுதி உரிமம் பெற்றாக வேண்டும். பராமரிப்புப் பிரிவினருக்கும் அப்படித்தான்: ஏஎம்இ என்னும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான தாள்களைப் பணியில் இருக்கும்போதே எழுதத் தொடங்கியவர்கள் வெளியே வந்ததும் வேலைக்குப் போனார்கள், வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் பலர் இன்று வங்கிகளில் காவல் பணியில் இருக்கிறார்கள்.