அப்பாவுக்குக் காட்ட ஒரு கப்பல்

ஜூனில் அப்பாவை ஸ்டாக்ஹோமுக்குக் கூட்டிப் போகிறேன். குளச்சல் கடலில் நாற்பது வருடம் வள்ளத்தில் போனவர். அதனால் அரண்மனையெல்லாம் அப்புறம், முதல் நாள் வாசா கப்பல்தான்.

1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பிய போர்க்கப்பல் அது. 64 பீரங்கிகள், மேல்பாரம் அதிகம். சுமார் 1,300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்ததும், திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது. 1961-இல் வெளியே எடுத்தார்கள், கிட்டத்தட்ட முழுசாக!

சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "333 வருசமா? புழு அரிக்கலியா மக்களே?"

அவருக்குத்தான் அது தோன்றும். மரத்தைத் துளைக்கும் புழுவுக்குப் பயந்து வள்ளத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய கை அல்லவா. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, அந்தப் புழு அங்கே வாழாது என்றேன். உப்பு இல்லாத கடலை அவரால் நம்பவே முடியவில்லை. விரலை நனைத்து ருசி பார்ப்பார், எனக்குத் தெரியும்.

பழைய நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்லுஸ்ஸனிலிருந்து, வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் படகில் போகலாம். நகரப் பேருந்துக்கு எடுக்கும் டிக்கெட்டே அதற்கும் செல்லும். கோடைத் திருவிழாவான மிட்சம்மர் வாரக் கடைசியில் பல கடைகள் மூடிவிடும் என்பதால் ஜூன் தொடக்கத்துக்கே திட்டம் போட்டிருக்கிறேன்.

அப்போது அங்கே காலை மூன்றரை மணி வாக்கிலேயே சூரியன் உதித்துவிடும். அப்பா இன்றும் மூன்று மணிக்கு எழுகிறவர். தண்ணீருக்குப் பக்கத்திலேயே அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.