சாவி மாற்றத்தில் டேட்டாபேஸ் கெடவில்லை, அழிக்கப்பட்டது

மெசேஜிங் ஆப்பில், டேட்டாபேஸை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் எஸ்க்யூஎல்சைஃபர் (SQLCipher) மென்பொருளின் சாவியை மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. சாவியை மாற்றும் அதன் 'ரீகீ' கட்டளையைக் குறை சொல்ல முடியாது. டேட்டாபேஸின் எல்லாப் பக்கங்களையும், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனில் மாற்றி எழுதுகிறது. நடுவில் ஆப் நின்றுபோனாலும் முந்தைய பக்கங்களைப் பதிந்து வைத்திருக்கும் ஜர்னலைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வம்பு வேறு இடத்திலிருந்து வந்தது.

டேட்டாபேஸ் ஓரிடம், சாவி இருக்கும் கீஸ்டோர் வேறிடம். இரண்டையும் சேர்த்துக் கட்டும் டிரான்சாக்‌ஷன் கிடையாது. ரீகீ முடிந்து, புதிய சாவியைச் சேமிப்பதற்குள் ஆப் கொல்லப்பட்டால் தீர்ந்தது கதை. அடுத்த முறை திறந்தால் "ஃபைல் டேட்டாபேஸ் அல்ல" என்று பிழை எண் 26 வரும். தவறான சாவிக்கும் சிதைந்த ஃபைலுக்கும் அதே பிழைதான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆண்ட்ராய்டோடு வரும் எரர் ஹேண்ட்லர் (பிழையைக் கையாளும் நிரல்) இதைச் சிதைவு என்று எடுத்துக்கொண்டு ஃபைலையே நீக்கிவிடும். உள்ளே டேட்டா முழுசாக இருக்கும்போதே! எதையும் நீக்காத ஹேண்ட்லரை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து, புதிய சாவியை 'நிலுவை' என்று குறித்துக் கீஸ்டோரில் சேமித்து, திரும்பப் படித்துப் பாருங்கள். அதன் பிறகே ரீகீ. ஆப் தொடங்கும்போது நிலுவைச் சாவி இருந்தால் பழையது, புதியது இரண்டையும் முயல வேண்டும். ஒன்று தோற்றால் கனெக்‌ஷனை மூடிப் புதிதாகத் திறந்து மற்றதைக் கொடுங்கள். சாவி கொடுத்ததும் வரும் 'ஓகே'வை நம்ப வேண்டாம், தப்புச் சாவிக்கும் அது வரும். டேட்டாபேஸின் அட்டவணைப் பட்டியலான எஸ்க்யூலைட்_மாஸ்டரைப் படித்தால்தான் உண்மை தெரியும். பக்கங்களைச் சோதிக்கும் சைஃபர் இன்டெக்ரிட்டி செக் கட்டளை ஒரு வரியும் தராமல் முடிந்தால் பக்கங்கள் நலம். பழைய சாவியை அப்புறம் நீக்கலாம். பழைய பேக்கப்புக்கு அது வேண்டுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் வால் (WAL) முறையில் ஓடினால், முதலில் செக்பாயின்ட் போட்டு அவற்றை முதன்மை ஃபைலில் சேர்த்து, வழக்கமான டெலீட் ஜர்னல் முறைக்கு மாறி, மற்ற கனெக்‌ஷன்களை மூடுங்கள். டேட்டாபேஸ் அளவுக்கு இடம் காலியாக இருக்கட்டும். செக்பாயின்ட் போடாமல் முதன்மை ஃபைலை மட்டும் நகலெடுத்தால் கடைசி மெசேஜ்கள் அதில் இருக்காது.

எஸ்க்யூஎல்சைஃபர் பதிப்பு 3-லிருந்து 4-க்கு மாறுவதையும் இதனோடு கலக்காதீர்கள். பக்க அளவு 1024-லிருந்து 4096, கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் பிபிகேடிஎஃப்2 முறையின் சுற்று 64,000-லிருந்து 2,56,000 என்று மாறுகின்றன. கலந்தால் சரியான சாவி கொடுத்தும் பிழை 26 வந்து நிற்கும், எது காரணம் என்றே பிடிபடாது.

அட்டாச்மென்ட்களின் தனித்தனிச் சாவிகள் டேட்டாபேஸுக்குள் இருந்தால், அந்த ஃபைல்களைத் தொடவே வேண்டாம்.