இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே

பிப்ரவரி 3
ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் டிப்பர்மவுத் புளூஸை, தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகித ரோலாக மாற்றுகிறேன். ரோலின் துளை வழியே காற்று நுழைந்தால் அதற்குரிய கட்டை தானாக இறங்கும். 1923 ஏப்ரலில் ரிச்மண்டில், ஜெனெட் ஸ்டுடியோவில், ஏழு பேர் ஒரே ஒலிப்பதிவுப் புனலைப் பார்த்து வாசித்தது. அத்தனை பேரும் இப்போது பதினொன்றேகால் அங்குலக் காகிதத்துக்குள் வர வேண்டும். விரல் பத்துதான் என்ற கவலை ரோலுக்கு இல்லை, 88 கட்டைகளில் எதையும் எதனோடும் சேர்க்கலாம். ஆனால் துளை கூடக்கூட இசை தடித்துப்போகிறது. ஜானி டாட்ஸின் கிளாரினெட்டில் பாதியை எடுத்துவிட்டேன். மனசே இல்லை.

பிப்ரவரி 4
ரோல் வெட்டக் கற்றுத் தந்த ஆசிரியர் காய்ச்சலோடு மருத்துவமனையில். அவர் மகளிடமிருந்து போன் வரவில்லை.

பிப்ரவரி 6
ஆலிவர் தனியாக வாசிக்கும் கார்னெட் (சிறிய ட்ரம்பெட் போன்றது) சோலோவிலேயே நிற்கிறேன். அதன் வாயை ம்யூட் என்ற அடைப்பானால் மூடித் திறந்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ சுரத்தை அழவிடுகிறார். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. கீழ் காந்தாரத்தை ஒரு மயிரிழை முன்னால் துளைத்து, அது ஓய்வதற்குள் மேலதைத் திறந்து பார்த்தேன். இரண்டும் உரசும்போது காது ஏறக்குறைய நம்புகிறது. ஏறக்குறைய போதாது.

பிப்ரவரி 7
இடைவெளியைக் குறைத்தேன். கூட்டினேன். மறுபடி குறைத்தேன்.

பிப்ரவரி 9
காய்ச்சல் இறங்கிவிட்டதாம்! மகள்தான் பேசினார். "ரோல் வந்துவிட்டதா என்று கேட்கிறார்" என்றார். நீண்ட சுரத்தை ஒரே பிளவாக வெட்டினால் காகிதம் கிழியும், இடையிடையே பாலம் விட்டுச் சிறு துளைகளாக வெட்டு. அதே கட்டையை மறுபடி தட்ட, வால்வு மூடித் திரும்பும் அளவுக்குக் காகிதம் விடு. எல்லாம் அவர் சொல்லித் தந்தது. பியானோக் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் கரோலினா ஷவுட் ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளில் விரல் வைத்து டியூக் எலிங்டன் கற்ற கதையை எப்போதும் சொல்வார். திரும்பவும் அவர் வாயால் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 11
ரோலின் கணினிக் கோப்பைக் காகிதத்தில் துளையிட அனுப்பிவிட்டேன். வேகம் 80, அதாவது நிமிடத்துக்கு எட்டு அடி. ஓட ஓட, காகிதம் சுற்றும் உருளை தடிக்கும், வேகமும் ஏறும். ஆலிவரின் ஆட்கள் அவசரப்படுகிறவர்கள் இல்லை. அதனால் பின்பகுதித் துளைகளைச் சிறுகச் சிறுக நீட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 12
தூக்கமில்லை. காந்தாரம்.

பிப்ரவரி 15
ரோல் வந்துவிட்டது. போட்டுப் போனில் கேட்கவிடுங்கள் என்றார் மகள். மாட்டேன் என்றேன். போனில் அந்தச் சுரம் செத்துவிடும். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்களாம். அவருடைய பியானோவில் துருத்தி ஒரு பக்கம் கசிகிறது, அதற்குள் துணி மாற்ற வேண்டும். வீட்டுச் சாவி கேட்டிருக்கிறேன்.