தீனோஸ் மாதாவுக்கு மாமியின் நேர்ச்சை

என் வீட்டுக்காரர் கப்பல் எஞ்சினியர். நாலு வருடத்துக்கு முன் ஏஜியன் கடலில் அவருக்கு நெஞ்சுவலி வந்து கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒரு சின்ன மாதா படத்தை இவர் தலையணைக்கு அடியில் வைத்தாராம். அந்த நாட்டுத் தீனோஸ் தீவின் மாதா. போனில் இதைக் கேட்டதும் தூத்துக்குடியில் மாமி நேர்ந்துகொண்டார்கள்: "பிள்ளை பிழைச்சு வந்தா அந்தக் கோயிலுக்கு முழங்கால்லயே ஏறுறேன்."

பிள்ளை பிழைத்தார். மாமியின் முழங்கால்தான் விட்டுவிட்டது. "நீ போனா நான் போன மாதிரி" என்று வெள்ளி இதயத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15 திருநாளுக்கு ரஃபீனா துறைமுகத்தில் தீனோஸுக்குக் கப்பல் ஏறினோம். மெல்தெமி என்கிற வடகாற்று ஆட்டிய ஆட்டத்தில் ஜெபமாலையை விடவே இல்லை. இறங்கியதும் ரூம் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டு, பேசிய வாடகையை இரட்டிப்பாக்கினார்கள். மாதா திருநாளில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

துறைமுகத்திலிருந்து கோயில் வரை ஏற்றம். முழங்காலில் வருகிறவர்களுக்காகச் சாலை ஓரத்தில் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வேளாங்கண்ணி மணலில் நடந்த முழங்கால்தானே என்று தொடங்கினேன். வெயிலில் கம்பளம் சுட்டது. பாதியில் தோல் உரிந்து, முடியாது மாதாவே என்று அழுதுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு தாய் குழந்தையை முதுகில் சுமந்து தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே மீதித் தூரம் ஏறினேன்.

கன்னியாஸ்திரி பெலாகியாவின் கனவில் மாதா வந்து இடத்தைக் காட்ட, 1823 ஜனவரி 30 அன்று மண்ணுக்குள்ளிருந்து எடுத்த படம் அது. உள்ளே கூரையெல்லாம் வெள்ளிக் கப்பல்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் கடலில் பிழைத்த யாரோ ஒருவரின் நேர்ச்சை. பார்வை கிடைத்தவர் கொடுத்த வெள்ளி ஆரஞ்சு மரமும் இருக்கிறது. மாதா படத்தைப் பொன்னும் மணியும் மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. கண்ணாடியில் உதடு வைத்ததும் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். சொல்ல நினைத்த ஒன்றும் வாயில் வரவில்லை, "அம்மா" மட்டும்தான் வந்தது. இதயத்தைச் செலுத்திவிட்டேன்.

மறுநாள் பவனி. 1940இல் இதே திருநாள் காலையில் 'எல்லி' என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்தில்தான் மூழ்கடித்தது. கடற்படை வீரர்கள் மாதாவைச் சுமந்து வர, நோயாளிகளோடு நாங்களும் சாலையில் வரிசையாகப் படுத்தோம். மாதா எங்கள் மேலே கடந்து போன அந்த நொடி, இவர் கை என் கையை இறுக்கியது. போதும் தாயே, இவரைத் திருப்பிக் கொடுத்தாயே!

மாமிக்குப் போன் செய்தேன். "மாதா முகம் எப்படி இருந்துச்சு?" என்றார்கள். கடையில் வாங்கிய படத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"தலையைக் குனிஞ்சு, அவங்களும் முழங்கால்லதான் இருக்காங்க மாமி."