நிச்சயமாண்ணே?

"நிச்சயமாண்ணே?" என்று கேட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அண்ணன், கப்பலை ஓட்டும் அறைக்கு வெளியே இருக்கும் பிரிட்ஜ் விங்கின் ஓரத்தில் நின்று வலது கையைக் கடலை நோக்கி நீட்டியிருந்தார். "சார், மஞ்சளா ஒண்ணு" என்று அவர் சொல்லி ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. பைனாகுலரைத் தூக்கினேன். மதியம் 2:40, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசியது. பாசி வரிசைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் கேட்டேன். எனக்குப் பதில் சொல்ல அவர் முகத்தைத் திருப்பினார். முகம் திரும்பியதும் கை இறங்கிவிட்டது.

கப்பலில் ஏறிய முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. தண்ணீரில் ஆளைப் பார்த்தவன் நீட்டிய கையை இறக்கக் கூடாது, கண்ணையும் எடுக்கக் கூடாது. தகவல் சொல்ல வேறு ஆள் ஓடட்டும். டிரில்லில் கையை இறக்கிய கேடட்களை நான் சத்தம் போட்டிருக்கிறேன். அன்று அந்தக் கையை இறக்கவைத்தது என் கேள்வி.

"பாசி தண்ணியோட தண்ணியா கிடக்கும் சார். இது எழும்பித் தாழ்ந்துச்சு. வரிசைக்கு வெளியவும் இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கடலைப் பார்த்தார். அந்த இடம் எது என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. ஈரக் கம்பியில் படிந்திருந்த உப்பைக் கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்தார். அப்புறம், "இல்ல சார், பாசியாத்தான் இருக்கும்" என்றார்.

பத்தடி தள்ளி, கதவுக்கு உள்ளே, கேப்டன் விஎச்எஃப் ரேடியோவில் தேடுதல் விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

புளோரிடா நீரிணையில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று கடலில் இறங்கிவிட்டது, உள்ளே இரண்டு பேர் என்று காலையில் தகவல் வந்தபோது பக்கத்தில் இருந்த கப்பல்களில் எங்களுடையதும் ஒன்று. அபாயத்தில் இருப்பவரைத் தேடிப் போவது கப்பலுக்குச் சட்டப்படி கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் போயிருப்போம். எங்களுக்கென்று ஒரு கட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் வரிவரியாக உழுதுகொண்டிருந்தோம்.

அந்தப் பக்கத்துக் கடலில் போனவர்களுக்கு சர்காசம் பாசியைத் தெரியும். பொன்னும் பழுப்புமாக, காற்று போகும் திசையில் நீள நீளக் கோடுகளாகக் கிடக்கும். வெயில் ஒரு கோணத்தில் பட்டால் அசல் மஞ்சள். விமானத்தில் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட்டும் மஞ்சள்தான். அன்று காலையிலிருந்து மூன்று முறை கப்பலைத் திருப்பியிருந்தோம். ஒருமுறை தெர்மாக்கோல் பலகை, இரண்டு முறை பாசி. கேப்டன் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது முறை மட்டும் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான்காவது முறையும் பாசி என்று அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுத எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 190 மீட்டர் கப்பல், நினைத்தவுடன் திரும்பாது. ஒரு சந்தேகத்துக்காகத் திரும்பினால் தேட வேண்டிய இன்னொரு வரி பாக்கியாகும், வெளிச்சமும் போகும். அந்த வரியில்தான் அவர்கள் இருந்திருந்தால்? தேடல் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. 10 மைல் தெளிவாகத் தெரிகிற நாளிலும், தண்ணீரில் கிடக்கும் ஒரு ஆளைத் தேடக் கணக்கில் எடுக்கும் அகலம் 0.6 கடல் மைல்தான். காற்றின் வேகம் 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், தாண்டினால் அதில் பாதி. அன்று காற்று தாண்டியிருந்தது. அதாவது கப்பலின் இருபுறமும் சேர்த்து அரை கிலோமீட்டர் சொச்சம். நான்கு பேர் ஏறும் மிதவை என்றால் அதே பட்டியலில் 4.2 மைல். தலை மட்டும் வெளியே தெரிகிற ஆள் மேலிருந்து பார்த்தால் தேங்காய் அளவுதான். அதை ஒரு அலை காட்டும், அடுத்த அலை மறைக்கும்.

இந்தக் கணக்கை எழுதும்போதே இது எனக்கு எதிராகத் திரும்புகிறது. ஒரு கணம்தான் தெரியும் என்றால், அந்த ஒரு கணத்தைப் பார்த்தவரிடம் நிச்சயமா என்று எப்படிக் கேட்பது? நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தால் யாரைக் கண்டுபிடிக்க முடியும்?

அதுவும் யாரிடம் கேட்டேன். அண்ணன் பாம்பன்காரர். பத்து வயதிலேயே அப்பாவோடு வள்ளத்தில் போனவர். மீன் கூட்டம் மேயும் இடத்தில் தண்ணீர் நிறம் மாறுவதை எங்களுக்கு முன்னால் பார்த்துவிடுவார். அன்று மதியம் வாட்ச் டூட்டிக்கு வந்ததும் டோர்னியரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். 2015 ஜூன் 8 இரவு, பாக் நீரிணைப் பக்கம் ரோந்து போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பும் வழியில் காணாமல் போன கடலோரக் காவல்படை விமானம். மூன்று பேர். அப்போது விடுப்பில் ஊரில் இருந்திருக்கிறார். எத்தனையோ கப்பல்கள் தேடியும், கடைசியில் ஒரு நீர்மூழ்கிதான் அடியிலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டது. கறுப்புப் பெட்டியை எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "நம்ம கடல்லயே அப்படி சார்" என்றார். அந்த நினைப்போடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களைத்தான் நான் சந்தேகப்பட்டேன். இல்லை, ஒருவேளை அந்த நினைப்பே அவருக்கு மஞ்சளைக் காட்டியதா? இப்படி நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆறுதலாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

சிறிய விமானங்கள் கடலில் இறங்கிய சம்பவங்களை அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். தண்ணீரில் மோதும் கணத்தைப் பலர் உயிரோடு தாண்டிவிடுகிறார்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான். விமானம் மூழ்கினால் அபாய சமிக்ஞைக் கருவியின் ஆன்டெனாவும் மூழ்கும், தண்ணீருக்குள்ளிருந்து அந்த அலை வெளியே வராது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியாக இருந்தால் செயற்கைக்கோள் கேட்கவே கேட்காது. 2009 பிப்ரவரி 1 முதல் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு மிஞ்சுவது மனிதக் கண்தான்.

நல்லபடியாக முடிந்ததும் உண்டு. 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் பறந்த சிர்ரஸ் விமானத்தில், மவுயி தீவுக்கு 250 மைல் இருக்கையில் எரிபொருள் எஞ்சினுக்குப் போகாது என்று தெரிந்துவிட்டது. விமானத்தோடு பொருத்தியிருந்த பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார் விமானி. கடலோரக் காவல்படை விமானம் மேலேயே வட்டமிட்டுப் படம் பிடித்தது. அவர் மிதவையில் ஏறிக் காத்திருக்க, வீண்டாம் என்ற பயணிகள் கப்பல் வந்து தூக்கிக்கொண்டது. அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அங்கே யாரும் யாரிடமும் நிச்சயமா என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் எங்களை விடுவித்தார்கள். லாக் புக்கில் மூன்று முறை பார்த்ததும் இருக்கிறது. நான்காவது இல்லை. அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் கொண்டுவந்த செய்தித்தாளில், மூன்றாம் நாள் வடக்கே ஒரு சக்கரமும் இருக்கை மெத்தையும் கிடைத்ததாகவும், தேடலை நிறுத்திவிட்டதாகவும் போட்டிருந்தார்கள். அங்கே வளைகுடா நீரோட்டம் மணிக்கு 3 கடல் மைல், சில சமயம் அதற்கு மேலும் வடக்கே இழுக்கும். அந்தச் சக்கரம் கிடைத்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 என்று வைத்தால், 2:40க்கு நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மூன்றரை என்று வைத்தால் முப்பது மைல் தள்ளிப் போய்விடுகிறது. காற்றையும் சேர்த்தால் இரண்டுமே தப்பாக இருக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, லைஃப் ஜாக்கெட் போட்டவர் அன்று மதியம்வரை உயிரோடு இருந்திருக்க முடியும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது என் வாட்சில் நிற்பவர்களிடம், எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள், பாசியா இல்லையா என்று பார்ப்பது என் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் போன வருஷம் இராத்திரி வாட்சில் ஒரு கேடட் விளக்கு தெரிகிறது என்றபோது, என் வாயில் வந்த முதல் வார்த்தை அதே வார்த்தைதான். கப்பல் ஓட்டுகிறவன் அதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது போல.

பொங்கலுக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்று பாம்பனில்தான் இருக்கிறார். பேரனுக்குக் காய்ச்சல் என்றார். வலை விலை, வீடு கட்டியது என்று பேசிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த மதியத்தைக் கேட்டேன். எந்த நாள் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"நான் கையை இறக்கியிருக்கக் கூடாது சார். அது என் தப்பு."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பேரனுக்கு மருந்து வாங்கியாச்சாண்ணே?" என்று கேட்டேன்.