பிளாட்பாரக் கடைக்கும் திட்டத்தில் இடம் உண்டு

நகர் திட்டமிடல் என்றதும் பலருக்கும் மாஸ்டர் பிளான், மனைப்பிரிவு, பிளான் அப்ரூவல் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். மதுரையில் வக்கீலாக இந்த மாதிரி வழக்குகளையே பார்த்துவரும் எனக்கு மனசுக்கு நெருக்கமானது 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம். 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி போடும் திட்டத்தில் நிலத்துக்குக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வகைப்பாடு உண்டு, ஆனால் மாசி வீதி முக்கில் கூடையோடு உட்கார்ந்து மல்லிகை விற்கிற அம்மா அந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை. 2014 சட்டம் அவரைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 3-வது பிரிவு. இந்தக் கணக்கெடுப்பையும் சான்றிதழையும் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அப்படியென்றால் பிடி முழுக்கக் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது, அங்கேதான் பலரும் விடுபட்டுப் போகிறார்கள். பக்கத்து ஊர் ஒன்றில் உச்சிவெயிலில் போய்க் கணக்கெடுத்திருந்தார்கள். விடியுமுன் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பூ எடுத்து, வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டு, மறுபடி சாயங்காலம் கடை விரிக்கிறவர்கள் பட்டியலிலேயே இல்லை. "மூணு மணிக்கு எந்திரிச்சவ மத்தியானம் படுக்க வேணாமா தாயி? அந்த நேரத்துல வந்து ஆளக் காணோம்னா எப்படி?" என்று கேட்டார் ஒரு பாட்டி. அதையே மனுவில் எழுதினோம். காலை, மாலை இரண்டு வேளையும் மறுபடி எடுத்தார்கள்.

நடக்க வழி வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, எங்கே விற்கலாம் என்று வகுக்கும் விற்பனைத் திட்டம் அதையும் பார்க்க வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது. ஆனால் வீட்டிலிருந்து நடந்துபோய்க் கீரையும் பூவும் வாங்கிவர முடிகிற தெருவில் வண்டியை எடுக்கிற வேலையே இல்லையே. நீடித்த வளர்ச்சி என்று கூட்டங்களில் பேசுவது எனக்கு அந்தத் தெருவில்தான் கண்ணில் படுகிறது.

வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனால் நான் தவறாமல் சொல்வது 19-வது பிரிவு. அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகாத சரக்கு இரண்டு வேலை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். பூ, பழம், கீரை என்றால் கேட்ட அன்றைக்கே. அதனால் வாக்குவாதத்தில் நேரத்தை விடாமல் முதலில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.